பொடிக்கடைக்கு வெப்சைட் போட்ட கதை

போன வாரம் பெங்களூர்ல இருந்து பழைய நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். காஞ்சன்பாக்ல எங்க எதிர் ஃபிளாட்ல இருந்து மாற்றலாகிப் போனவர். "வீட்ல பரதநாட்டிய வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க சார். ஒரு வெப்சைட் போடணுமாம். உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே, யார்கிட்ட கொடுக்கலாம், எவ்வளவு ஆகும்?"னு கேட்டார்.

ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டு வைக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். முக்கால் மணி நேரம் ஓடிப்போச்சு. கடைசில அவர், "இதை அப்படியே எழுதி வைங்க, நாலு பேருக்கு உபயோகப்படும்"னார். எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல காஞ்சன்பாக் தெரியாதவங்களுக்கு. ஹைதராபாத்னா உங்களுக்கு சார்மினார், பிரியாணி, இல்லேன்னா ஹைடெக் சிட்டி. எங்க பேட்டை இது எதுலயும் சேராது. ஊருக்குத் தெற்கே, சந்தோஷ் நகர் தாண்டினதும் நீள நீளமா மதில் சுவர் வரும். சுவருக்கு உள்ளே டி.ஆர்.டி.எல்., டி.எம்.ஆர்.எல்., பாரத் டைனமிக்ஸ், மிதானின்னு வரிசையா பாதுகாப்புத் துறை நிறுவனங்கள். 1982-ல அப்துல் கலாம் டி.ஆர்.டி.எல். இயக்குநரா வந்து உட்கார்ந்தது இங்கதான். அடுத்த வருஷம், 1983-ல, ஏவுகணைத் திட்டம் ஆரம்பிச்சது. பிருத்வி, அக்னி எல்லாம் அதுல வந்த பிள்ளைங்க. அப்படி வேலைக்கு வந்து, தெலுங்கும் தக்னியும் பேசக் கத்துக்கிட்டு, பாதி ஹைதராபாதி ஆகிப்போன தமிழ்க் குடும்பங்கள் இங்க நிறைய. நான் 2001-ல வந்து சேர்ந்தவன். என்ன வேலைன்னு எழுத முடியாது. எழுதினாலும் உங்களுக்குத் தூக்கம்தான் வரும்.

இந்தக் கதைக்கு நாயகி எங்க அத்தை. அதாவது தங்கமணியோட அம்மா. கும்பகோணத்துக்காரங்க. மாமா போன பிறகு 2009-ல எங்களோட வந்துட்டாங்க. வந்த மறுவாரமே அக்கம்பக்கத்துல இருக்கிற கல்யாணமாகாத பசங்களுக்குப் பருப்புப்பொடி கொடுத்து அனுப்ப ஆரம்பிச்சாங்க. "பாவம், மெஸ்ஸுல என்னத்தைச் சாப்பிடுதுங்களோ"ன்னு. முதல்ல இனாம். அப்புறம் அந்தப் பசங்களே கூச்சப்பட்டு காசு கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2013 வாக்குல இட்லிப்பொடி, வத்தக்குழம்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, அங்காயப்பொடின்னு வளர்ந்து, தங்கமணி கணக்கு நோட்டு போடற அளவுக்கு ஆயிடுச்சு. மாற்றலாகிப் போனவங்க பெங்களூர், புனே, சண்டிப்பூர்னு அங்கங்க இருந்து கேட்க ஆரம்பிச்சாங்க. குரியர்ல போச்சு.

அரசாங்க உத்தியோகஸ்தன் வீட்ல யாராவது வியாபாரம் பண்ணினா ஆபீசுக்குத் தெரிவிக்கணும்னு 1964-ம் வருஷத்து நடத்தை விதிகள்ல இருக்கு. தெரிவிச்சேன். உணவுப் பொருளாச்சே, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவும் வாங்கினோம். பாக்கி இருந்தது வெப்சைட் மட்டும்தான்.

அதுல எனக்கு ஒரு பெரிய மிதப்பு. நான் 1999-லயே ஜியோசிட்டீஸ்ல சொந்தமா பக்கம் வெச்சிருந்தவன்! கறுப்புப் பின்னணில மஞ்சள் எழுத்து, ஓடற 'நல்வரவு', எத்தனை பேர் வந்தாங்கன்னு காட்டற கவுண்டர் (பாதி வருகை என்னோடதுதான்), கெஸ்ட்புக். ஜியோசிட்டீஸ் கடையை 2009 அக்டோபர்ல மூடினப்ப அதுவும் போச்சு. அப்பவே ஒரு பாடம் கத்துக்கிட்டிருக்கணும். கத்துக்கலை.

2017 ஜனவரி. ஆபீஸ் நண்பர் மூலமா ஒரு பையன் வந்தான். நல்கொண்டா பக்கத்துப் பையன். அமீர்பேட்டைல கோர்ஸ் முடிச்சவன். அமீர்பேட்டை தெரியுமில்ல? மைத்ரிவனம் கட்டடத்தைச் சுத்தி ஒவ்வொரு மாடிலயும் கம்ப்யூட்டர் கோச்சிங், தெருவெல்லாம் நோட்டீசு. அங்க படிச்சுட்டு, தில்சுக்நகர்ல ஹாஸ்டல்ல தங்கிக்கிட்டு வேலை தேடிட்டு இருந்தான். கேட்டது 20,000 ரூபாய்.

நான் யாரு! 12,000-க்கு அடிச்சுப் பேசினேன். மூணு தவணை, ஒவ்வொண்ணும் 4,000. டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் அதுக்குள்ளேயே. "உனக்கும் ஒரு வேலை செஞ்ச பேரு கிடைக்கும் தம்பி"ன்னு ஒரு உபதேசம் வேற. எழுத்துல ஒண்ணும் கிடையாது. எல்லாம் வாய் வார்த்தை. "டொமைன் எடுத்துடறேன் சார்"னான். "எடு எடு"ன்னேன். யார் பேர்ல எடுக்கறே, எந்த ஈமெயில்ல எடுக்கறேன்னு கேட்கத் தோணலை. மூணு வருஷத்துக்கு எடுத்தான்.

படம் எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை கேமராவோட வந்தான். அன்னைக்குன்னு பார்த்து அத்தை மிளகாய் வறுத்துட்டு இருந்தாங்க. பையன் தும்ம ஆரம்பிச்சான் பாருங்க, பதினோரு தும்மல். என் பொண்ணு எண்ணினா. அத்தைக்குத் தெலுங்கு வராது, அவனுக்குத் தமிழ் வராது. ஆனா மோர் கொடுத்து, முதுகைத் தடவிக் கொடுத்து, "ஒண்ணுமில்லடா கண்ணு"ன்னு சொன்னது அவனுக்குப் புரிஞ்சுது. அன்னைலேர்ந்து அவங்களை 'அம்மம்மா'ன்னுதான் கூப்பிடுவான்.

சைட் எப்ப ரெடின்னு கேட்டா, "கல் ஹோ ஜாயேகா சார்." ஹிந்தில 'கல்'னா நேத்தும் உண்டு, நாளையும் உண்டு. ஹைதராபாத்ல 'பர்சோன்'னா முந்தாநாள்லேர்ந்து போன வருஷம் வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். அப்படி ரெண்டு மாசம் போச்சு. நியாயமாச் சொன்னா அதுல பாதி என்னால. "சின்ன மாத்தம்தான் தம்பி"ன்னு சொல்லிச் சொல்லியே கலரை நாலு தடவை மாத்தினேன். லோகோவை மூணு தடவை.

வந்த சைட்டைக் குடும்பத்தோட உட்கார்ந்து பார்த்தோம். தமிழ் மெனுவை மொழிபெயர்ப்பு இயந்திரத்துல போட்டு எடுத்திருக்கான். முகப்புன்னு வரவேண்டிய இடத்துல 'வீடு'. வாங்கற பொருளைப் போடற கூடைக்கு 'வண்டி'. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சுட்டு, "ஏன் மாப்பிள்ளை, பொடியோட சேர்த்து வீடும் வண்டியும் கூடவா விக்கிறோம்?"னாங்க. அன்னைக்குப் பூரா சிரிப்பு.

சிரிக்க முடியாத விஷயமும் இருந்துச்சு. தமிழ் எழுத்து எல்லாம் படமா இருந்தது. போட்டோஷாப்புல ஒட்டி, படமா மாத்திப் போட்டிருக்கான். 'பொடி'ங்கிற வார்த்தைல 'ப' தனியா நிக்குது. கொம்பும் காலும் நடுவுல ஒரு புள்ளிப்புள்ளி வட்டத்தோட தனியா நிக்குது. பொடிக்கடைல பொடியே உடைஞ்சு கிடக்கு!

சரி பண்ணச் சொன்னேன். கடைசி 4,000 ரூபாயை நிறுத்தி வெச்சேன். பாவம், ரெண்டு தடவை வந்து உட்கார்ந்து உள்பக்கமெல்லாம் நிஜ எழுத்தா மாத்திக் கொடுத்தான். முகப்பு படத்துல இருந்த தலைப்பு மட்டும் மிச்சம். அதுக்குள்ள அவனுக்கு ஒரு கம்பெனில வேலை கிடைச்சுது. அப்புறம் மேல்படிப்புக்கு வெளிநாடு. நானும் கூப்பிடலை, அவனும் கேட்கலை. 4,000 ரூபாய் மிச்சம்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் வேற. வெட்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் எழுதிடறேன்.

இதுக்கு நடுவுல சைட்டுல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. என் பொண்ணு 'பாட்டி பக்கம்'னு ஒண்ணு ஆரம்பிச்சா. பாட்டி ஊஞ்சல்ல உட்கார்ந்துக்கிட்டுச் சொல்லச் சொல்ல, இவ நேரா சைட்டுக்குள்ளேயே போய் டைப் அடிப்பா. ஒரு பொடிக்கு ஒரு பக்கம். அளவு மட்டுமில்ல. எந்தக் கடைல மல்லி வாங்கணும், ஐப்பசி மழைல மிளகாய் ஏன் காயாது, தங்கமணி பிறந்தப்ப யார் பத்தியம் வெச்சாங்கன்னு எல்லாம் கலந்து. மொத்தம் பதினாலு பக்கம்.

2018 டிசம்பர்ல அத்தை போயிட்டாங்க. தூக்கத்துல.

தங்கமணி அதுக்கப்புறம் பொடி அரைக்கவே இல்லை. ஒரு வருஷம். ஆர்டர் கேட்டு வந்த மெசேஜுக்கெல்லாம் பொண்ணுதான் பதில் போட்டா. சைட் பக்கம் யாரும் போகலை.

2020 மார்ச் 25-ல ஊரடங்கு வந்துச்சு. மெஸ் எல்லாம் மூடியாச்சு. கீழ் ஃபிளாட்ல நாலு பசங்க, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் கூட ஆகலை, பிரெட்டும் நூடுல்ஸுமா ஓட்டிட்டு இருந்தாங்க. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். தங்கமணி குளிச்சுட்டு வந்து, "என்னங்க, இன்னைக்குப் பருப்புப்பொடி அரைக்கப் போறேன்"னா. எனக்குத் தொண்டை அடைச்சுது. பொண்ணுகிட்ட, "அம்மாச்சி சொன்ன அளவு ஒருதடவை பார்த்துச் சொல்லுடி, கை மறந்திருக்கும்"னா.

பொண்ணு போனைத் திறந்தா. முகம் மாறிப்போச்சு. நான் வாங்கிப் பார்த்தேன். எங்க முகவரிதான். ஆனா திரை முழுக்க ரம்மி விளம்பரம். அத்தை பேர் போட்ட முகவரில சீட்டாட்டம்.

தங்கமணி வாங்கிப் பார்த்தா. ஒண்ணும் சொல்லலை. போனை மேசைல கவுத்து வெச்சுட்டு, புடவைத் தலைப்பை இடுப்புல செருகிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. திட்டியிருந்தா தேவலாம்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து என்ன நடந்ததுன்னு துருவினேன். டாட் காம் முகவரிங்கறது சொத்து மாதிரி வாங்கறது இல்லை, குத்தகை. தவணை முடிஞ்சதும் உடனே அடுத்தவனுக்குப் போயிடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதாரணமாவே புதுப்பிக்கலாம். அதுக்கப்புறம் 30 நாள், அபராதக் கட்டணம் கட்டி மீட்கலாம். அப்புறம் 5 நாள் யாராலயும் தொட முடியாது. ஆறாவது நாள் யார் வேணா எடுத்துக்கலாம். ஜனவரில முடிஞ்சது எங்களுக்கு. மார்ச் கடைசில பறந்துபோச்சு. ரெண்டே வாரம் முன்னாடி பார்த்திருந்தா பிடிச்சு நிறுத்தியிருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சரி, முடியப்போகுதுன்னு முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பணும்னு விதி இருக்கே? இருக்கு. ஒரு மாசம் முன்னாடி, ஒரு வாரம் முன்னாடின்னு அனுப்பணும். அனுப்பியும் இருப்பாங்க. பதிவு பண்ணினவன் ஈமெயிலுக்கு. அது அந்தப் பையனோட காலேஜ் மெயில். அது எப்பவோ மூடியாச்சு.

பெரிய பெரிய இடத்துலயும் இது நடந்திருக்குன்னு படிச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்ட் தன்னோட பாஸ்போர்ட் டாட் காமுக்குப் பணம் கட்ட மறந்துபோய், ஹாட்மெயில் தகராறு பண்ண, மைக்கேல் சேனிங்கிற லினக்ஸ்காரர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிக் காப்பாத்தினார். 2015 செப்டம்பர்ல நம்ம குஜராத்துக்காரர் சன்மய் வேத், கூகிள் டாட் காமையே 12 டாலருக்கு வாங்கி ஒரு நிமிஷம் சொந்தக்காரரா இருந்தார். கூகிள் 6,006.13 டாலர் வெகுமதி கொடுத்து (எண்ணை உத்துப் பாருங்க, கூகிள்னு படிக்கலாம்), அவர் அதைத் தர்மத்துக்குக் கொடுக்கறார்னு தெரிஞ்சதும் ரெட்டிப்பாக்கினாங்க. அவங்களுக்கு அப்படி நல்லவங்க வாய்ச்சாங்க. எங்களுக்கு வாய்ச்சது ரம்மி. எழுதிக் கேட்டா 2,500 டாலர் கொடு, தர்றேன்னு பதில்.

வக்கீல் நண்பர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "சட்டம் இருக்கு. டொமைன் பேருக்கும் டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு 2004-லயே சத்யம் இன்ஃபோவே - சிஃபிநெட் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஆனா நீங்க பேரைப் பதிவே பண்ணலையே. டாட் காமுக்கு வைப்போல சர்வதேசப் புகார் கொடுக்கணும்னா அதுக்குக் கட்டணமே 1,500 டாலர். பொடி வித்து அதை எடுக்க முடியுமா?"ன்னார். முடியாது.

முகவரி போனா போகட்டும், உள்ளே இருந்தது? பொண்ணுதான் வேபேக் மெஷின்ல தேடினா. 1996-லேர்ந்து இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கிற இன்டர்நெட் ஆர்கைவோட தளம். அது எடுத்து வெச்சிருந்த பிரதில பதினாலு பக்கத்துல ஒன்பது கிடைச்சுது. பருப்புப்பொடி இருந்தது. படம் எல்லாம் காலிக் கட்டம். அஞ்சு பக்கம் இல்லவே இல்லை.

பையனைத் தேடினோம். பழைய நம்பர் வேலை செய்யலை. பொண்ணு லிங்க்டின்ல கண்டுபிடிச்சா, கனடால இருந்தான். எழுதிப் போட்டோம். நாலு நாள் கழிச்சு நீளமா பதில் வந்துச்சு. அம்மம்மா போனது தெரியாதுன்னு முதல்ல அதுக்கு வருத்தப்பட்டிருந்தான். அப்புறம், "உங்க டொமைன் என் பேர்ல இருக்குங்கறது ஞாபகம் இருந்துச்சு சார். மாத்திக் கொடுக்கணும்னு நினைச்சேன். ஆனா நீங்க மிச்சப் பணம் தரலையா, நான் போன் பண்ணினா பணத்துக்குத்தான் பண்றேன்னு நினைப்பீங்களோன்னு கூச்சமா இருந்துச்சு. தள்ளிப் போட்டுட்டேன்."

ரெண்டு தடவை படிச்சேன். நாலாயிரம் ரூபாய்ல நான் மிச்சம் பிடிச்சது என்னன்னு அப்பத்தான் உறைச்சுது. அவன் கவனக்குறைவு கால் பங்குன்னா என் கஞ்சத்தனம் முக்கால் பங்கு. அன்னைக்கே பணத்தை அனுப்பினேன். "தேவையில்லை சார். ஆனாலும் தேங்க்ஸ்"னு ஒரு வரி வந்துச்சு. படமெல்லாம் ஊர்ல பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கலாம், ஊரடங்கு தளர்ந்ததும் தங்கச்சிகிட்ட தேடச் சொல்றேன்னும் எழுதினான்.

புது சைட் போடணும்னு முடிவு பண்ணினோம். இந்தத் தடவை தங்கமணி சொன்னா: "நீங்க பேரம் பேச வேண்டாம். நான் பேசிக்கிறேன்." வாய் மூடிட்டேன்.

கிடைச்சது ஒரு தெலுங்குப் பொண்ணு, சம்பாபேட்டைல இருந்து வேலை பாக்கறவ. முதல் பேச்சுலயே கலர் பத்திக் கேட்கலை. "ஆண்ட்டி, ஒரு மாசத்துல எத்தனை ஆர்டர் வரும்? யாருக்கு அனுப்பறீங்க? அவங்க போன்ல பார்ப்பாங்களா, கம்ப்யூட்டர்லயா? நான் நாளைக்கு இல்லாம போனா இதை யார் பார்த்துப்பாங்க?"ன்னு கேட்டா. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க!

18,000 கேட்டா. தங்கமணி 18,000 கொடுத்தா. அவ்வளவுதான் பேரம்.

தமிழ் எழுத்து விவகாரத்தை மட்டும் நான் விளக்கினேன். "உங்க தெலுங்குல ஒத்தைப் பிரிச்சுத் தனியா பக்கத்துல வெச்சா எப்படி இருக்கும்?"னேன். "அய்யய்யோ"ன்னு சிரிச்சா. உடனே புரிஞ்சுது.

இப்ப நண்பர் கேட்டதுக்குப் பதில். என் நாலாயிரம் ரூபாய் படிப்புல கத்துக்கிட்டது:

1. டொமைனை நீங்களே, உங்க பேர்ல, உங்க கார்டுல, உங்க சொந்த ஈமெயில்ல எடுங்க. பத்து நிமிஷ வேலை. டிசைனருக்கு உள்ளே போக அனுமதி கொடுங்க, உரிமை கொடுக்காதீங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்க வர்றவர் பேர்ல பத்திரம் எழுதுவோமா?

2. ஏற்கெனவே அவங்க பேர்ல இருந்தா, நல்லா பேசிட்டு இருக்கும்போதே மாத்திக்குங்க. வேற நிறுவனத்துக்கு மாத்த டிரான்ஸ்ஃபர் கோட் வேணும். புதுசா பதிவு பண்ணின டாட் காமை 60 நாளைக்கு மாத்த முடியாது, அதை ஞாபகம் வெச்சுக்குங்க.

3. பணம் கொடுத்துட்டா எல்லாம் நம்மதுன்னு நினைக்காதீங்க. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ பொதுவா நமக்குச் சொந்தம். ஆனா சம்பளத்துக்கு இல்லாம தனியா வேலை செய்யறவர் எழுதின நிரல் அவருக்குத்தான் சொந்தம், எழுத்துல மாத்திக் கொடுத்தா ஒழிய. அப்படி எழுதும்போது காலம் குறிப்பிடலேன்னா அஞ்சு வருஷம்தான், இடம் குறிப்பிடலேன்னா இந்தியாவுக்குள்ளதான்னு சட்டம் எடுத்துக்கும். அதனால 'என்றென்றைக்கும், எல்லா நாட்டுக்கும்'னு ஒரு வரி சேர்த்துக்குங்க. ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாப் போதும்.

4. எத்தனை பக்கம், எத்தனை தடவை மாத்தம், எப்ப முடியும், யார் எழுத்து கொடுக்கணும்னு அதே தாள்ல எழுதுங்க. 'சின்ன மாத்தம்தான் தம்பி'க்கு ஒரு எல்லை வேணும். இது அவங்களைக் காப்பாத்த.

5. தமிழ்ல போடறதா இருந்தா, எழுத்து யூனிகோடா இருக்கணும், படமா இருக்கக் கூடாது. படத்துல இருக்கிற எழுத்தைக் காப்பி பண்ண முடியாது, தேடுபொறிக்கும் சரியா எட்டாது. ஒரு காலத்துல ஒவ்வொரு தமிழ்ச் சைட்டுக்கும் ஒரு ஃபான்ட் இறக்கினோமே, அந்தக் கஷ்டம் இப்ப இல்லை. தமிழ்நாடு அரசே 2010-ல யூனிகோடை ஏத்துக்கிட்டாச்சு. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இலவச ஃபான்ட் இருக்கு. வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா வைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா மேல் சுழியும் கீழ் வாலும் வெட்டுப்படும். மெனு வார்த்தையை நீங்களே எழுதிக் கொடுங்க. வீடு, வண்டி விக்கற எண்ணம் இல்லேன்னா.

6. மாசம் ஒருதடவை முழு பிரதி எடுத்து உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல வைங்க. முக்கியமான எழுத்தை நேரா சைட்டுல மட்டும் அடிக்காதீங்க. ஒரு நோட்டுலயும் இருக்கட்டும்.

7. பேசின பணத்தைப் பேசின நாள்ல கொடுங்க. குறை இருந்தா சொல்லி வாங்குங்க, முடிச்சதும் கொடுத்துடுங்க. இது ஏழாவதா வந்தாலும் எனக்கு இதுதான் முதல்.

இப்பல்லாம் நாமளே பத்து நிமிஷத்துல போட்டுக்கலாமே, டிசைனர் எதுக்குன்னு கேட்பீங்க. ஒரு பக்கம், ரெண்டு படம், போன் நம்பர் போதும்னா நீங்களே போடுங்க, தப்பில்லை. ஆனா 'நான் இல்லாம போனா இதை யார் பார்ப்பாங்க'ன்னு எந்த மென்பொருளும் எங்களைக் கேட்கலை. அந்தப் பொண்ணு கேட்டா.

புது முகவரி டாட் இன். பதிவு தங்கமணி பேர்ல. புதுப்பிக்கிற தேதி சமையலறை காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கு, பால் கணக்குக்குப் பக்கத்துல.

2020 ஆகஸ்ட்ல கனடாப் பையன்கிட்ட இருந்து ஒரு மெயில் வந்துச்சு. தங்கச்சி ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுபிடிச்சுட்டா. 46 படம். சைட்டுல போட்டிருந்தது ஆறுதான். மத்ததை நாங்க பார்த்ததே இல்லை. அதுல ஒண்ணு கொஞ்சம் ஆடிப் போயிருக்கு, அதான் அப்ப ஒதுக்கிட்டான் போலிருக்கு. அத்தை கைல சல்லடை, வாயைத் தலைப்பால மூடிக்கிட்டுக் கண்ணு முழுக்கச் சிரிப்பு. அவன் தும்மிக்கிட்டே எடுத்த படம் அது.

தங்கமணி அதைத்தான் முகப்புல போடச் சொன்னா. டிசைனர் பொண்ணு, "ஆண்ட்டி, ஃபோகஸ் சரியில்லையே"ன்னா. "பரவாயில்லம்மா, எங்கம்மா அப்படித்தான் சிரிப்பாங்க"ன்னா தங்கமணி. அப்படியே இருக்கு.

தொலைஞ்ச அஞ்சு பக்கத்துல நாலை தங்கமணி தன் கை ஞாபகத்துல இருந்து திரும்ப எழுதிட்டா. ஒண்ணு மட்டும் வரலை. அங்காயப்பொடி. சுண்டைவத்தல், மணத்தக்காளி, வேப்பம்பூ, சுக்கு, மிளகு, பெருங்காயம் வரைக்கும் தெரியுது. அம்மா ஓமம் போடுவாங்களா, மாட்டாங்களான்னு சந்தேகம். போட்டு ஒருதடவை அரைச்சா, போடாம ஒருதடவை அரைச்சா. ரெண்டையும் நாக்குல வெச்சுப் பார்த்துட்டு, "ரெண்டும் இல்லைங்க"ன்னா. அந்தப் பக்கத்தை விக்கற பட்டியல்ல சேர்க்கலை. பேர் மட்டும் போட்டு காலியா விட்டிருக்கா.

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துக்காரங்க யாராவது படிச்சீங்கன்னா, உங்க வீட்ல பெரியவங்க இருந்தா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன். ஓமம் உண்டா, இல்லையா? உண்டுன்னா எவ்வளவு?

கேட்டதும் மறக்காம ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குங்க.